பெயரில் இருக்கிறது வரலாறு: ரிங்லெட் முதல் கடாரம் வரை

நமக்கு வரும் கடித உறைகளின் மேல் '39200 ரிங்லெட், கேமரன் மலை, பகாங்' என்று எழுதியிருக்கும். தபால்காரருக்கு அது முகவரி. வரலாறு படிக்கிறவருக்கு அது வேறு. மூன்று பெயர்கள், மூன்று காலங்கள், மூன்று வகை மனிதர்கள் அந்த ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் இந்தப் பெயர்களுக்குப் பொருள் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கும் நாம் சரியான பதில் சொன்னதில்லை. நம் சங்கம் 50 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்த வேளையில், நாம் வாழும் மண்ணின் பெயர்களையும், நம் முன்னோர் இந்த நாட்டில் விட்டுச் சென்ற பெயர்களையும் ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது பொருத்தம் என்று எண்ணி இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஊர்ப் பெயர் என்பது ஒரு சாட்சி. யார் அங்கே முதலில் நின்றார்கள், எதைக் கண்டார்கள், யாரை மதித்தார்கள், யாருடைய ஆட்சியில் வாழ்ந்தார்கள் என்பதை அது சொல்லும். சாட்சியைக் கேட்கும்போது நாம் கடைப்பிடிக்க வேண்டிய நேர்மை இங்கும் தேவை. நமக்குப் பிடித்ததைச் சொல்ல வைக்கக் கூடாது. அது சொல்வதை மறைக்கவும் கூடாது.

முகவரியில் உள்ள மூவர்

கேமரன் என்பவர் வில்லியம் கேமரன் என்ற ஆங்கிலேய அரசாங்க நில அளவையாளர். 1885-ஆம் ஆண்டு பகாங், பேராக் எல்லைப் பகுதியை அளந்து வரைபடம் தயாரிக்க வந்தவர், உயர்ந்த மலைகளுக்கு நடுவே மென்மையாகச் சரியும் மேட்டுநிலம் ஒன்றைக் கண்டதாக அறிக்கை எழுதினார். அடுத்த ஆண்டே அவர் காலமாகிவிட்டார். 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் இதை மலைவாசஸ்தலமாக்கும் வேலை சூடுபிடித்தது. தாப்பாவிலிருந்து பாதை வெட்டப்பட்டு, 1930-களின் தொடக்கத்தில் வண்டிகள் மேலே ஏறின. மலைக்கு நிலைத்த பெயர் மட்டும் முதலில் அறிக்கை எழுதியவருடையது.

ஆனால் கேமரன் வருவதற்கு முன்பு இது பெயரில்லாத காடாகவா இருந்தது? இல்லை. செமாய் முதலிய பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மலைகளில் வாழ்ந்து வந்தார்கள். ஒவ்வொரு ஆற்றையும் ஒவ்வொரு முகட்டையும் அவர்கள் பெயர் சொல்லித்தான் அழைத்திருப்பார்கள். வரைபடத்தில் ஏறியவற்றைப் பாருங்கள்: பெர்த்தாம், தெலோம், தெர்லா, ஹாபு, ரிங்லெட். இவை யாவும் ஆறுகளின் பெயர்கள். சாலை இல்லாத காலத்தில் மலைவாசிக்கு ஆறுதான் வழி, ஆறுதான் எல்லை, ஆறுதான் அடையாளம். எனவே மலைநாட்டில் ஆறு பெயர் பெற்ற பிறகே கரையில் உள்ள ஊர் பெயர் பெறுகிறது. கேரளத்தில் தமிழர் உழைத்த மற்றொரு தேயிலை மலையான மூணாறும் அப்படித்தான். முத்திரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுவதால் அது மூணாறு.

ரிங்லெட் என்றவுடன் ஆங்கிலம் படித்த நம் பிள்ளைகளுக்குச் சுருட்டை முடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் நினைவுக்கு வருகிறது. மலைப்பாதை சுருண்டு சுருண்டு ஏறுவதால் அந்தப் பெயர் என்று சொல்வதும் எளிது. ஆனால் நம் ஊரில் ஓடும் ஆறும் சுங்கை ரிங்லெட்தான். சுற்றியுள்ள ஆறுகளுக்கெல்லாம் மண்ணின் பெயர் இருக்க, இந்த ஒன்றுக்கு மட்டும் ஆங்கிலப் பெயர் தேடுவது முறையாகாது. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்துப் பொருள் சொல்லிவிடக் கூடாது என்பதே பெயராய்வின் முதல் பாடம். அந்தப் பாடம் நம் ஊரிலேயே தொடங்குகிறது.

முகவரியில் மூன்றாவது, பகாங். இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. பெக்கான் அருகே ஆற்றின் குறுக்கே பெரிய மஹாங் மரம் ஒன்று விழுந்து கிடந்ததாகவும், அதிலிருந்து பகாங் என்ற பெயர் வந்ததாகவும் மலாய் மரபு சொல்கிறது. வெள்ளீயத்தைக் குறிக்கும் கெமர் மொழிச் சொல்லே மூலம் என்பது வேறு சிலர் கருத்து. எதுவாயினும், மரமோ உலோகமோ, இந்த மண்ணில் விளைந்த ஒன்றின் பெயரே அது.

மரம், மீன், பாக்கு

மலாய் மக்கள் ஊருக்குப் பெயர் வைக்கும் முறை எளிமையும் அழகும் உடையது. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். சமதரையாக இருந்தது, தானா ராத்தா ஆயிற்று. 'தானா' நிலம், 'ராத்தா' சமம். இரண்டு ஆறுகள் கூடும் சேற்றுமுனை கோலாலம்பூர். 'கோலா' என நாம் சொல்லும் 'குவாலா' ஆறு சென்று சேரும் முகம், 'லும்பூர்' சேறு. நாம் மலையேறத் தொடங்கும் தாப்பா, ஆற்றில் வாழும் பெரிய கெளுத்தி வகை மீனின் பெயர். ஈப்போ ஒரு மரம். பூர்வகுடியினர் ஊதுகுழல் அம்புகளுக்கு நஞ்சு எடுத்தது அதன் பாலிலிருந்துதான்.

நம் பள்ளத்தாக்கின் பெயரான பெர்த்தாம் ஒருவகைப் பனையின் பெயர்; அதன் ஓலை கூரை வேயப் பயன்பட்டது. போ நிறுவனத்தின் தோட்டங்களில் ஒன்றான சுங்கை பாலாஸ் என்பதில் உள்ள பாலாஸும் ஒரு பனை. பெருநாளன்று நம் வீட்டுக்கு வரும் கெத்துப்பாட் பாலாஸ் எந்த ஓலையில் பொதிந்து வருகிறதோ அந்தப் பனைதான் அது.

இன்னும் இரண்டு பெயர்கள் தமிழர்க்கு மிக நெருக்கமானவை. பினாங்கு என்றால் பாக்கு. ஆங்கிலேயர் 1786-இல் அதற்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரிட்டார்கள், பாக்கே நிலைத்தது. மலாயில் பெண் கேட்டுச் செல்வதைக் குறிக்கும் 'மெமினாங்' என்ற சொல்லும் இதே பாக்கிலிருந்து பிறந்ததே. பாக்கு வெற்றிலை மாற்றி உறுதி செய்யும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலாக்கா என்றால் நெல்லி. பரமேஸ்வரா ஒரு மரத்தடியில் ஓய்ந்திருந்தபோது சருகுமான் ஒன்று வேட்டைநாயை எதிர்த்து உதைத்ததைக் கண்டு, அந்த மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்தார் என்பது மலாய் வரலாற்று மரபு. அந்த மரம் மலாக்கா மரம். வடமொழியின் ஆமலகம், நம் நெல்லி.

தேயிலையும் இந்தக் கதையில் உண்டு. போ என்னும் பெயர் சீனாவின் வூயி மலையைக் குறிக்கும் 'போஹி' என்பதிலிருந்து எடுக்கப்பட்டது என்று விளக்கம் சொல்வர். ஜே.ஏ. ரஸல் 1929-இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கினார். வூயி மலை இருக்கும் புக்கியன் மாநிலத்தின் ஹொக்கியன் மொழியில் 'தே' என்றால் தேநீர். மலாயில் அது 'தே' ஆயிற்று. தமிழில் 'தே'யோடு இலை சேர்ந்து தேயிலை ஆயிற்று. தரை வழியே சென்ற பெயர் 'சாய்' என்று பாரசீகம், உருது வழியாகப் பரவியது. அதனால்தான் நம்மில் ஒரு வீட்டில் சாயாவும் மறுவீட்டில் தேத்தண்ணியும் குடிக்கிறோம்.

அரபு தந்த பெயர்கள்

ஒவ்வொரு மலாய் மாநிலத்தின் பெயருக்குப் பின்னும் ஒரு சிறப்புப் பெயர் வருவதை அரசாங்கக் கடிதங்களில் பார்த்திருப்போம். ஓதத் தெரிந்த எவருக்கும் அவற்றின் பொருள் விளங்கும். 'தார்' என்றால் இல்லம். கெடா தாருல் அமான், அமைதியின் இல்லம். பேராக் தாருல் ரித்வான், இறைப்பொருத்தத்தின் இல்லம். சிலாங்கூர் தாருல் இஹ்ஸான், நன்மை செய்வோரின் இல்லம். திரங்கானு தாருல் ஈமான், நம்பிக்கையின் இல்லம். கிளந்தான் தாருல் நயீம், இன்பப் பேற்றின் இல்லம். ஜொகூர் தாருல் தஃழீம், கண்ணியத்தின் இல்லம். நெகிரி செம்பிலான் தாருல் குஸூஸ், தனிச்சிறப்பின் இல்லம். நாம் வாழும் பகாங் தாருல் மஃமூர், செழிப்பின் இல்லம். ஜொகூர் என்ற பெயரே மணிக்கல்லைக் குறிக்கும் 'ஜவ்ஹர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பர். அதற்கு முன் அந்தப் பகுதி 'உஜோங் தானா', அதாவது நிலத்தின் முனை எனப்பட்டது.

அரபுக் கடலோடிகள் நம் தாயகத்துக் கரைக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். சோழமண்டலக் கரையை அவர்கள் 'மஅபர்' என்றார்கள். கடந்து செல்லும் துறை என்பது அதன் பொருள். பரங்கிப்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியரைப் பரங்கியர் என்றதால் தமிழில் பரங்கிப்பேட்டை. போர்த்துகீசிய மொழியில் புதிய துறைமுகம் என்ற பொருளில் போர்ட்டோ நோவோ. முஸ்லிம்களின் வழக்கில் மஹ்மூது பந்தர். ஒரே ஊரை மூன்று சமூகத்தார் மூன்று பெயரிட்டு அழைத்தார்கள். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. 'பந்தர்' என்ற அந்தப் பாரசீகச் சொல்லே இந்நாட்டில் 'பண்டார்' என்று எத்தனையோ நகரங்களின் முன் நிற்கிறது.

கடாரமும் நம் உரிமையும்

இந்நாட்டின் ஊர்ப்பெயர்களில் தமிழ் நூல்களில் மிகப் பழங்காலத்திலேயே இடம்பெற்றது கெடா. சங்க நூலான பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துக்கு வந்திறங்கிய பொருள்களுள் காழகத்துப் பொருளையும் சொல்கிறது. காழகம் என்பது கடாரம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் எழுதினார். முதலாம் இராஜேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் அனுப்பிய கடற்படையின் வெற்றிகளைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு பட்டியலிடுகிறது. கடாரம், இலங்காசோகம், மலையூர் முதலிய பெயர்கள் அதில் உள்ளன. இலங்காசோகம் என்பது தீபகற்பத்தின் வடபகுதியில் இருந்த லங்காசுகா. அரபு எழுத்தாளர்கள் இந்தக் கரையில் 'கலா' என்ற துறைமுகத்தையும் அங்குக் கிடைத்த வெள்ளீயத்தையும் குறித்தார்கள். அந்தத் துறைமுகத்தைக் கெடாக் கரையோடு சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர் பலர். வெள்ளீயத்துக்கு அரபியில் 'கல்ஈ' என்று பெயர். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைக் 'கலாய் பூசுதல்' என்று நாம் சொல்வது அதன் வழி வந்ததே.

இவை உறுதியான சான்றுகள். ஆனால் சான்று இருக்கும் இடத்தோடு நின்றுவிட வேண்டும். மலையூர் என்ற கல்வெட்டுப் பெயரைக் கண்டவுடன் 'மலாயு' என்பதே தமிழ்ச் சொல், மலையும் ஊரும் சேர்ந்தது என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. கி.பி. 7-ஆம் நூற்றாண்டிலேயே, இராஜேந்திரனுக்குச் சுமார் 350 ஆண்டுகளுக்கு முன்பே, இத்சிங் என்ற சீனத் துறவி சுமத்திராவில் அந்தப் பெயருடைய நாட்டில் தங்கிச் சென்றதை எழுதி வைத்திருக்கிறார். ஆகவே அங்கே வழங்கிய பெயரைச் சோழர் தம் நாவுக்கு ஏற்பத் தமிழாக்கி எழுதினார்கள் என்பதே பொருத்தமாகப் படுகிறது. இதில் நமக்கு எந்தக் குறையும் இல்லை. இந்நாட்டின் ஒவ்வொரு பெயரையும் தமிழ் என்று நிறுவினால்தான் நமக்கு இங்கே இடமுண்டு என்ற எண்ணம் தேவையற்றது. இல்லாததைக் கூறினால், இருப்பதையும் பிறர் நம்பமாட்டார்கள்.

கெலிங், சூலியா

இருப்பதைச் சொல்லக் கூசும் இடமும் ஒன்று உண்டு. மலாக்காவில் 1748-இல் எழுந்த பள்ளிவாசலின் பெயர் கம்போங் கெலிங் பள்ளிவாசல். பினாங்கில் 1801-இல் எழுந்த பள்ளிவாசலின் பெயர் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் அதன் நிறுவனர். அவர் வகித்த பதவியே கப்பித்தான் கெலிங். அந்தப் பள்ளிவாசல் நிற்கும் பிட் ஸ்திரீட் இன்று ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று வழங்குகிறது.

'கெலிங்' என்ற சொல் இன்று நம்மை இழிவாகப் பேசப் பயன்படுகிறது. அதைக் கேட்கும் பிள்ளையின் முகம் சுருங்குவதை நாம் அறிவோம். ஆனால் அந்தச் சொல்லின் வேர் கலிங்கம். 'செஜாரா மெலாயு' என்னும் மலாய் வரலாற்று நூல் தென்னிந்தியாவைக் 'கெலிங் நாடு' என்று எந்த இகழ்ச்சியும் இல்லாமல் சொல்கிறது. மலாக்காவின் பெண்டஹாராவாக விளங்கிய துன் முத்தாஹிரின் மூதாதை அந்த நாட்டிலிருந்து வந்தவர் என்றும் அதே நூல் சொல்கிறது. பள்ளிவாசலின் பெயர் வசை அல்ல. நம் வணிகர்கள் மதிப்போடு வாழ்ந்த காலத்தின் முத்திரை. இன்று ஒருவர் நம்மை அப்படி அழைத்தால் கண்டிப்போம். பள்ளிவாசலின் பலகையில் இருப்பதை அழிக்கச் சொல்ல மாட்டோம். இரண்டையும் பிரித்தறியப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியது நம் கடமை.

சூலியா என்ற பெயர் சோழரின் நினைவைச் சுமப்பது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சூலியாத் தெருக்கள் உள்ளன. சிங்கப்பூரில் 1826-இல் தொடங்கிய ஜாமிஆ பள்ளிவாசலுக்கும் சூலியா என்ற அடைமொழி உண்டு. மரைக்காயர் என்ற நம் பட்டம் பினாங்கில் 'மெரிக்கான்' என்ற குடும்பப் பெயராகி இன்றும் வாழ்கிறது.

நம் நாவில் மாறியவை

பிறர் வைத்த பெயரையும் நம் மக்கள் தமிழாக்கிக் கொண்டார்கள். கிளாங் கிள்ளான் ஆயிற்று, செரம்பான் சிரம்பான் ஆயிற்று. உழவர் ஆறு என்று பொருள்படும் சுங்கை பெத்தானி, தமிழ் நாவில் சுங்கைப் பட்டாணி ஆயிற்று. கோலாலம்பூருக்கு அருகே உள்ள குகைக் கோயிலைப் பத்துமலை என்கிறோம். மலாயில் 'பத்து' என்றால் கல். அங்கே ஓடும் சுங்கை பத்துவிலிருந்து வந்த பெயர். தமிழ்க் காதுக்கு அது எண்ணாகி, பத்து மலைகள் எங்கே என்று பிள்ளைகள் எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள்! பினாங்கில் அருவி விழும் குன்றுக்கோ நம் மக்கள் தாங்களே தண்ணீர்மலை என்று பெயரிட்டார்கள். கேமரன் ஹைலண்ட்ஸை யாரும் நமக்கு மொழிபெயர்த்துத் தரவில்லை. ரஜூலா கப்பலில் வந்து, தாப்பா ரோடு நிலையத்தில் இறங்கி, லாரியில் மேலே ஏறி வந்தவர்களின் வாயில் அது தானாகவே கேமரன் மலை ஆயிற்று.

எழுதப்படாத பெயர்கள்

பலகையில் ஏறிய பெயர் மாறினாலும் தடயம் இருக்கும். போர்ட் சுவெட்டன்ஹம் 1972-இல் கிள்ளான் துறைமுகம் ஆயிற்று. தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆயிற்று. பழைய பெயரை யாரும் அரசிதழில் தேடிக்கொள்ளலாம். பலகையில் ஏறாமல் வாயில் மட்டும் வாழும் பெயருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சொன்னவர் மறைந்தால் அதுவும் மறையும்.

தேயிலைத் தோட்டத்தில் இப்படிப்பட்ட பெயர்கள் நிறைய உண்டு. அலுவலகக் கணக்கில் ஒரு சரிவுக்கு எண் இருக்கும். கொழுந்து எடுத்த பெண்களிடம் அதற்குப் பெயர் இருக்கும். ஒரு பாறை, ஒரு வளைவு, ஓர் ஊற்று, ஒரு கங்காணியின் லயம், ஒரு விபத்து நடந்த இடம் என்று ஒவ்வொன்றையும் பெயரிட்டே அவர்கள் அந்த மலையைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். கேமரன் கண்ட மலைக்கு அவர் பெயர் நிலைத்தது. அதே மலையில் செடி நட்டு, குனிந்து நிமிர்ந்து, பிள்ளை பெற்று, மையவாடியில் அடங்கியவர்கள் வைத்த பெயர்கள் ஒரு தாளிலும் இல்லை. செமாய் மக்களின் பெயர்களில் எத்தனை காணாமல் போயின என்று வருந்தும் நாம், அதே கதி நம் பெயர்களுக்கும் வரும்வரை காத்திருக்கலாமா?

1963-இல் சுல்தான் அபு பக்கார் அணை எழுந்து, பெர்த்தாம் ஆற்றுநீர் தேங்கி ஏரியாயிற்று. அதன் அடியில் போன நிலத்துக்கும் பெயர்கள் இருந்திருக்கும். இன்று லயங்களில் இருந்த குடும்பங்கள் பல நகரங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டன. வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் கொழுந்து எடுக்கிறார்கள். அதே பாறைக்கும் அதே ஊற்றுக்கும் அவர்கள் தங்கள் மொழியில் புதுப்பெயர் வைப்பார்கள். அது அவர்கள் உரிமை. நம்முடையதை எழுதி வைக்காமல் விட்டால் அது நம் குற்றம்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். பொன்விழா முடிந்த கையோடு ஒரு பதிவேட்டைத் திறப்போம். 70 வயதைக் கடந்த பெரியவர்களை, முஸ்லிம், இந்து, கிறிஸ்துவர் என்ற வேறுபாடு பாராமல், இளைஞர்கள் வீடு தேடிச் சென்று கேட்கட்டும். இடத்தின் பெயர் அவர்கள் உச்சரிக்கும்படி, அந்த இடம் எது, பெயர் வந்த காரணம், யாரிடம் கேட்டது, எந்த ஆண்டில் என்ற ஐந்து விவரங்கள் போதும். காரணம் இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுவோம். நாமாக ஒன்றைச் சேர்க்க வேண்டாம். பழைய நிக்காஹ் பதிவுகளிலும், பிறப்புப் பத்திரங்களிலும், கடைக் கணக்குப் புத்தகங்களிலும், ஊரிலிருந்து வந்த கடித உறைகளிலும் தோட்டத்தின் பெயரும் டிவிஷனின் பெயரும் இருக்கும். அவற்றைப் படமெடுத்துச் சேர்ப்போம். செமாய் கிராமங்களுக்கும் சென்று, அவர்கள் விரும்பினால், அவர்களுடைய பெயர்களையும் மரியாதையோடு கேட்டு எழுதுவோம். அவர்களே நமக்கு மூத்தவர்கள்.

மஅபர் கரையிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள் பள்ளிவாசல்களில் பெயரை விட்டுச் சென்றார்கள். மலையேறி வந்தவர்களுக்குக் கல்லில் பெயர் பொறிக்க வசதி இருக்கவில்லை. அவர்களுக்காக நாம் தாளிலாவது பொறித்து வைப்போம். சங்கம் அடுத்த 50 ஆண்டுகளைக் கடந்து நூற்றாண்டு மலர் வெளியிடும் நாளில், அதைப் படிக்கும் பிள்ளைக்கு இந்த மலையின் பெயர்கள் ஒன்றுவிடாமல் தெரிந்திருக்க வேண்டும். அந்த முயற்சிக்கு வல்ல அல்லாஹ் துணை நிற்பானாக. ஆமீன்.